‘தன்னம்பிக்கையா இரு’ன்னு சொன்னா போதுமா? ஆபீஸ்ல உங்க பெயர் நிலைக்க என்ன செய்யணும்?

2025 நவம்பரில் லிங்க்ட்இன் பக்கம் போனவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். பல பெண்கள் தங்கள் புரொஃபைலில் பாலினம் என்ற இடத்தில் ‘ஆண்’ என்று மாற்றிவிட்டு, வழக்கம்போல பதிவு போட்டார்கள். சிலர் எழுத்து நடையையும் ஆண்கள் எழுதும் பாணிக்கு மாற்றிக்கொண்டார்கள். ‘என் பதிவைப் பார்க்கிறவங்க எண்ணிக்கை மளமளன்னு ஏறிடுச்சு’ என்றார்கள் பலர். ‘எனக்கு ஏறவே இல்லை’ என்றவர்களும் உண்டு. பதிவுகளை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்ய பாலினத்தை அல்காரிதம் கணக்கில் எடுப்பதில்லை என்று லிங்க்ட்இன் மறுத்தது.

யார் சொல்வது சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இத்தனை பெண்களுக்கு இப்படி ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியதே, அதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். ‘என் வேலை சரியாத்தான் இருக்கு. ஆனா, அது யார் கண்ணுலயும் பட மாட்டேங்குது’ என்ற சந்தேகம் உங்களுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும்தானே?

பர்சனல் பிராண்டுன்னா என்னங்க?

இந்த வார்த்தையைக் கேட்டதும் கோட் போட்டு, கை கட்டி நிற்கும் போட்டோவும், தினமும் ஒரு தத்துவப் பதிவும் ஞாபகத்துக்கு வந்தால், அது உங்கள் தப்பு இல்லை. சோஷியல் மீடியா அப்படித்தான் பழக்கியிருக்கிறது. டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக எழுத்தாளர் 1997-ல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்த யோசனையைப் பரப்பியது. அப்போது லிங்க்ட்இனும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை.

எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். ஒரு சிக்கலான வேலை வருகிறது. நீங்கள் அந்த இடத்தில் இல்லை. ‘இதை அவங்ககிட்ட குடுங்க, அவங்க முடிச்சிடுவாங்க’ என்று யாராவது உங்கள் பெயரைச் சொல்கிறார்களா? சொன்னால், உங்களுக்கு பிராண்ட் இருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸுக்கும், பேங்க் ஆபீஸருக்கும், ஃபேக்டரி சூப்பர்வைசருக்கும் இது பொருந்தும்.

ரெண்டு பழமொழி, ரெண்டு வளர்ப்பு

தமிழில் ‘நிறைகுடம் தளும்பாது’ என்றும் சொல்வோம், ‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்’ என்றும் சொல்வோம். எந்தப் பழமொழியை வீட்டில் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பையன் கூச்சப்பட்டால், ‘வாயைத் திறந்து கேளுடா’. பொண்ணு முதல் மார்க் வாங்கியதைச் சொன்னால், ‘போதும், ரொம்ப பீத்திக்காதே’. இருபது வருடம் இதைக் கேட்டு வளர்ந்தவரிடம் அப்ரைசல் படிவத்தைக் கொடுத்து, ‘உங்களுக்கு நீங்களே மார்க் போடுங்க’ என்றால் என்ன ஆகும்?

அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் கிறிஸ்டின் எக்ஸ்லியும் ஜட் கெஸ்லரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஆண்கள், பெண்கள் எல்லாருக்கும் ஒரே கணக்கு - அறிவியல் தேர்வு. மதிப்பெண்ணில் பெண்கள் பின்தங்கவில்லை. பிறகு, ‘நான் நன்றாகச் செய்தேன்’ என்பதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று 100-க்கு மதிப்பிடச் சொன்னார்கள். ஆண்கள் சராசரியாக 61 போட்டுக்கொண்டார்கள். பெண்கள் 46. அவரவர் எடுத்த சரியான மதிப்பெண்ணைச் சொன்ன பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை.

இது வெறும் கூச்சம் பற்றிய கதை இல்லை. சுயமதிப்பீட்டை வைத்து மேனேஜர் ரேட்டிங் போடும் ஆபீஸில், இந்த இடைவெளி அப்படியே இன்கிரிமென்ட்டில் வந்து உட்காரும். முதல் வருடம் சின்னதாகத் தெரியும். அடுத்த வருட உயர்வு அந்தக் குறைந்த சம்பளத்தின் மேல்தான் வரும். பத்து வருடத்தில் அது எவ்வளவு ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

‘தைரியம் இல்லை’ என்பது முழு உண்மையா?

உடனே, ‘அதான் சொல்றோம், பெண்களுக்கு தன்னம்பிக்கை குறைவு’ என்று கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தகுதி இருந்தும் ‘நான் இதுக்கு லாயக்கில்லை, ஒருநாள் மாட்டிக்குவேன்’ என்று நினைப்பதை ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல் இதைப் பற்றி எழுதியபோது அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. நாம்தான் அதை நோயாக்கி, பாதிக்கப்பட்டவர் கையிலேயே மாத்திரைச் சீட்டையும் கொடுத்துவிட்டோம்.

அதே சமயம், இன்னொரு பக்கமும் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர் லாரி ருட்மன் 1998-ல் காட்டியது இது: தன் திறமையை வெளிப்படையாகச் சொல்லும் பெண்ணைத் திறமைசாலி என்று ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் அவரைப் பிடிக்காமல் போகிறது. நம்ம ஊர் மொழியில் சொன்னால், அதே வார்த்தையை ஒரு ஆண் சொன்னால் ‘தெளிவா பேசுறான்’. பெண் சொன்னால் ‘திமிரு’.

ஆக, நீங்கள் தயங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பேசினாலும் விலை, பேசாவிட்டாலும் விலை என்று உங்கள் மனசு சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது. அதனால் ‘கண்ணாடி முன்னாடி நின்னு நான் சூப்பர்னு சொல்லுங்க’ வகை அறிவுரை பெரிதாக உதவாது. குறைந்த விலையில் உங்கள் வேலையைக் கண்ணில் பட வைக்கும் வழிகள்தான் வேண்டும்.

கோலப் போட்டி கமிட்டியில் யார் இருக்காங்க?

அதற்கு முன்னால், உங்கள் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆபீஸ் பொங்கல் விழா ஏற்பாடு, கோலப் போட்டி, விடைபெறுபவருக்கு கேக், மீட்டிங் குறிப்பு எடுப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கு வழி காட்டுவது... எல்லாமே தேவையான வேலைகள். ஆனால், பிரமோஷன் பேச்சில் ஒன்றுகூட வராது.

லிண்டா பாப்காக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்டபோது ஆண்களில் 51 சதவிகிதம் பேர் சரி என்றார்கள். பெண்களில் 76 சதவிகிதம். பெண்கள் மட்டும் இருந்த குழுக்களையும் ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களையும் ஒப்பிட்டபோது, தாங்களாக முன்வருவதில் வித்தியாசம் இல்லை. இருவரும் சேர்ந்து இருக்கும்போது மட்டும், ‘அவங்க செஞ்சிடுவாங்க’ என்று எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்புகிறார்கள். பெண்கள் உட்பட!

எடுத்த எடுப்பில் ‘முடியாது’ சொல்ல வேண்டாம். ‘போன தடவை நான் பண்ணேன், இந்தத் தடவை கார்த்திக் பண்ணட்டும், சுழற்சி முறையில வெச்சுக்கலாம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பேச்சு உங்களைப் பற்றி இருக்காது, முறையைப் பற்றி இருக்கும்.

வெள்ளிக்கிழமை, பத்து நிமிஷம்

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை.

கணக்கு எழுதுங்கள். வாரக் கடைசியில் மூன்று வரி போதும். என்ன பிரச்னை இருந்தது, நான் என்ன செய்தேன், என்ன மாறியது. ‘ரிப்போர்ட் வேலை பார்த்தேன்’ என்று எழுதாதீர்கள். ‘ரெண்டு நாள் எடுத்த மாதாந்திர ரிப்போர்ட்டை நாலு மணி நேரத்தில் முடியும்படி மாற்றினேன்’ என்று எழுதுங்கள். இது தம்பட்டம் இல்லை, கணக்கு. வருடக் கடைசியில் இப்படி ஐம்பது பதிவுகள் இருந்தால், அப்ரைசல் படிவத்தில் உங்கள் மனநிலைக்குத் தகுந்த மார்க் போட வேண்டியதில்லை. கணக்கைப் பார்த்துப் போடலாம்.

‘நாங்க’ நல்லதுதான், ‘நான்’ எங்கே? டீமை மதிப்பது நல்ல குணம். ‘டீமா சேர்ந்து முடிச்சோம். அதுல டேட்டா பகுதி முழுக்க நான் பார்த்தேன்’ என்று சொன்னால் யாருடைய பங்கும் குறையாது. மீட்டிங் முடிந்ததும், பேசி முடிவானதை மெயிலில் சுருக்கமாக நீங்களே அனுப்பிவிடுங்கள். யோசனை யாருடையது என்று பிறகு குழப்பம் வராது.

ஒருவருக்கொருவர் குரல் கொடுங்கள். அமெரிக்க அதிபராக ஒபாமா இருந்தபோது வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்கள் ஒரு உத்தி வைத்திருந்ததாக 2016-ல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. ஒரு பெண் நல்ல யோசனை சொன்னால், இன்னொரு பெண் அதை அவர் பெயரைச் சொல்லித் திரும்பச் சொல்வார். ‘இப்ப அனிதா சொன்ன மாதிரி...’ அவ்வளவுதான். தன்னைத் தானே புகழ்ந்தால் வரும் ‘திமிரு’ பட்டம் இதில் வராது. பக்கத்து சீட்டு தோழியோடு இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்துக்குப் பெயர் வாங்குங்கள். எல்லாம் தெரிந்தவர் என்பதைவிட, ‘ஜி.எஸ்.டி சிக்கல்னா அவங்க’, ‘கோபமா வர்ற கஸ்டமர்னா அவங்க’ என்பது மனசில் நிற்கும்.

பெயரையே கவனியுங்கள். கல்யாணம் ஆனதும் அப்பா இனிஷியல் போய் கணவர் இனிஷியல் வருவது நம் ஊர் வழக்கம். சட்டப்படி அது கட்டாயமில்லை. சான்றிதழில் ஒரு பெயர், ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு பெயர், லிங்க்ட்இனில் ஒரு பெயர் என்று இருந்தால், பத்து வருட உழைப்பு மூன்று பேருடையது போலத் தெரியும். எந்தப் பெயர் என்பது உங்கள் விருப்பம். தொழிலில் ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் பயமும், இன்பாக்ஸ் பயமும்

தமிழ்நாட்டில் இதை இப்போது பேச இன்னொரு காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அந்த வருடம் பொறியியலில் சேர்ந்தவர்களின் நான்கு வருடப் படிப்பு 2026-ல் முடிகிறது. அவர்களில் பலருக்கு, ஆபீஸ் வேலை பற்றிச் சொல்லித்தர வீட்டில் அக்காவோ அத்தையோ இருக்க மாட்டார்கள். இன்டர்வியூவில் சரளமான இங்கிலீஷையே தன்னம்பிக்கை என்று நினைக்கும் பழக்கம், அவர்களைத்தான் முதலில் வடிகட்டும். நிதானமான, எளிய இங்கிலீஷில், செய்த வேலையை எண்ணிக்கையோடு சொல்பவர்தான் உண்மையில் நம்பிக்கையானவர். இது இன்டர்வியூ எடுப்பவர்களுக்கும் புரிய வேண்டும்.

சென்னையில் வளர்ந்து பெப்சிகோ நிறுவனத்தின் சி.இ.ஓ ஆன இந்திரா நூயி, அமெரிக்காவில் படிக்கும்போது பொருந்தாத சூட் ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போய் சங்கடப்பட்டதைச் சொல்லியிருக்கிறார். ‘உனக்கு வசதியான உடையில் போ’ என்று அங்கே ஒருவர் சொன்ன பிறகு, அடுத்த இன்டர்வியூவுக்கு புடவையில் போனார். வேலை கிடைத்தது. புடவைதான் வேலை வாங்கித் தந்தது என்று அர்த்தமில்லை. உடையைப் பற்றிய கவலை இல்லாதபோது, கவனம் முழுக்கக் கேள்வியில் இருக்கும். பேச்சுக்கும் அதே கதைதான்.

ஆன்லைனில் பெயர் வளர்ந்தால் வேண்டாத மெசேஜும் வளரும் என்ற பயம் நியாயமானது. போட்டோ போட விருப்பமில்லை என்றால் போட வேண்டாம், எழுத்து போதும். போன் நம்பரைப் பொதுவில் வைக்காதீர்கள். தொல்லை செய்பவர் உடன் வேலை பார்ப்பவர் என்றால், அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் வருடச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மெசேஜில் வரும் தொல்லைக்கும் அங்கே புகார் தரலாம். இன்னொன்று, வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ள பார் கவுன்சில் விதிப்படி தடை உண்டு. உங்கள் தொழிலுக்கும் அப்படி விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு போடுங்கள்.

மேனேஜர்களே, இது உங்களுக்கு

பெண்களுக்கு ‘கான்ஃபிடன்ஸ் வொர்க்‌ஷாப்’ நடத்துவதோடு வேலை முடிந்துவிடாது. சுயமதிப்பீட்டு மார்க்கைப் பார்க்கும் முன்பே, வேலையின் விளைவை வைத்து உங்கள் மதிப்பீட்டை எழுதிவிடுங்கள். விழா வேலை, குறிப்பெடுக்கும் வேலைக்கு ஒரு பட்டியல் போட்டு எல்லோருக்கும் சுழற்றுங்கள். ஒருவர் பேச்சு பாதியில் வெட்டப்பட்டால், ‘அவங்க முடிக்கட்டும்’ என்று சொல்லுங்கள். மூன்றுக்கும் பட்ஜெட் தேவையில்லை.

மேனேஜர் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, தோழி. வரும் வெள்ளிக்கிழமை மாலை, லாக் அவுட் செய்யும் முன் மொபைலில் நோட்ஸைத் திறங்கள். இந்த வாரம் நீங்கள் சரிசெய்த ஒரு விஷயத்தை மூன்று வரியில் எழுதுங்கள். அதில் ஒரு வரியாவது ‘நான்’ என்று ஆரம்பிக்கட்டும்.