வழிகாட்டல் பரீட்சைக்கு முன்னரே தொடங்க வேண்டும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் மருத்துவம், பொறியியல் பீடங்களுக்குத் தெரிவாகும் மாணவர்களின் படங்கள் பாடசாலை வாயில்களை அலங்கரிக்கின்றன. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. எஞ்சிய மூவரும் எங்கே செல்கின்றனர் என்ற கேள்வியை நமது சமூகம் போதியளவு எழுப்புவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியில் பழைய மாணவர் சங்கங்களும், புலம்பெயர்ந்தோரின் நம்பிக்கை நிதியங்களும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், ஸகாத் நிதியங்களும் ஈடுபட்டு வருகின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் தமது ஓய்வு நேரத்தைச் செலவிட்டு முன்னோடிப் பரீட்சைகளையும் கருத்தரங்குகளையும் நடத்தி வருகின்றமை பாராட்டத்தக்கது. இலாப நோக்கற்ற இச்சேவைகளின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும், இவற்றிற் பெரும்பாலானவை பரீட்சைக்கு முந்திய சில மாதங்களுக்கோ பெறுபேறு வெளியான பின்னர் நடைபெறும் ஒருநாள் கருத்தரங்குக்கோ உரியனவாகவே அமைந்துவிடுகின்றன. மாணவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் முடிவோ சாதாரண தரப் பரீட்சையை அடுத்துப் பாடத்துறையைத் தெரிவு செய்யும்போதே எடுக்கப்பட்டு விடுகின்றது. அயல் பாடசாலையில் விஞ்ஞான, கணிதத் துறைகள் இல்லாத காரணத்தினால் மட்டும் கலைத்துறைக்குள் நுழையும் பெருந்தோட்ட மாணவிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வழங்கப்படும் ஆலோசனை காலங்கடந்ததேயாகும்.

தகவல் இன்மையால் ஏற்படும் இழப்புகளும் சிறியனவல்ல. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. இதனால் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகின்றது. விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரற்படுத்துவதில் நேரும் ஒரு தவறு, கைக்கெட்டிய இடத்தையே இழக்கச் செய்யலாம். கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவித்தலைக் காணாத மாணவருக்கு இசட் புள்ளி எவ்வளவு உயர்வாக இருந்தும் பயனில்லை. நகரத்து மாணவருக்கு இதனை எடுத்துக்கூற மூத்தவர் ஒருவர் வீட்டிலேயே இருப்பார். முதற்தலைமுறையாகக் கல்வி கற்கும் மாணவருக்கு அவ்வாறு எவரும் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு அப்பாலுள்ள வழிகள் பற்றியும் நம்மிடையே தவறான எண்ணமே நிலவுகின்றது. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையில் நான்காம் மட்டம் வரை சான்றிதழும், ஐந்தாம், ஆறாம் மட்டங்களில் டிப்ளோமாவும், ஏழாம் மட்டத்திற் பட்டமும் பெறமுடியும். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் நம் வாசலிலேயே உள்ளது. இருந்தும், தொழிற்பயிற்சி என்பது பரீட்சையில் தோற்றவர்களின் புகலிடம் என்ற கருத்து பெற்றோர் மனதில் ஆழ வேரூன்றியுள்ளது. 1970களின் தரப்படுத்தல் ஏற்படுத்திய காயம் பல்கலைக்கழக அனுமதியையே சமூகத்தின் கௌரவமாக்கியதில் வியப்பில்லை. ஆயினும் அந்த ஒரே அளவுகோலால் நமது பிள்ளைகள் அனைவரையும் அளப்பது நியாயமாகாது.

ஆகவே, தொண்டு நிறுவனங்கள் தமது நிதியில் ஒரு பகுதியையேனும் தரம் 9 முதல் தொடரும் வழிகாட்டலுக்கு ஒதுக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். ஒரு பாடசாலைக்கு ஒரு பல்கலைக்கழக மாணவரும் ஒரு தொழிற்றுறையினரும் தவணைதோறும் சென்று, பெற்றோரையும் அமர்த்திப் பேசினாலே பெரும் மாற்றம் நிகழும். தமிழ், முஸ்லிம் அமைப்புகள் ஒரே பிரதேசத்தில் தனித்தனியே செலவிடுவதை விடுத்து, ஒன்றிணைந்து செயற்படுவதற்கு இதனைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. அதேவேளை, பாடசாலைகளில் முழுநேரத் தொழில் வழிகாட்டல் ஆசிரியர்களை நியமிக்கும் பொறுப்பு அரசினுடையது என்பதையும் மறந்துவிடலாகாது. தொண்டர்களின் நல்லெண்ணம் அப்பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கான சாட்டாக அமைந்துவிடக்கூடாது.

வாயிலில் தொங்கும் படங்களுக்காக மகிழ்வோம். படத்தில் இடம்பெறாத பிள்ளைகளுக்கும் வழிகாட்டுகின்ற சமூகமே முன்னேறும்.