தண்ணீர் கொடுத்தது யார்?

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் மேட்டூரில் ஜனங்கள் திரள்திரளாய்க் கூடி, ஆற்றில் முழுகி, அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பாடுபடுகிற குடியானவன் தண்ணீரைக் கண்டு சந்தோஷப்படுவதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் அவனது நன்றி யாரைப் போய்ச் சேர வேண்டும் என்பதே நமது கேள்வி.

காவேரி தெய்வம் என்கிறார்கள். 1924-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அந்தத் தெய்வம் கரைபுரண்டு ஊரையும் பயிரையும் வாரிக்கொண்டு போனபோது, அவளுக்குப் பூசைக்கு என்ன குறைவு இருந்தது? எந்தப் புரோகிதருடைய மந்திரமாவது ஒரு சாண் தண்ணீரை நிறுத்திற்றா? நிறுத்தியது, 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடித்த அணையேயாகும். 5,300 அடி நீளமும் 214 அடி உயரமுமுள்ள அந்தச் சுவர், தன் கனத்தினாலேயே வெள்ளத்தை எதிர்த்து நிற்கும்படி கணக்கிட்டுக் கட்டப்பட்டது. அதில் 120 அடி தண்ணீர் நின்றால் 9,347 கோடி கன அடி சேரும். மிஞ்சினால் பதினாறு கண் மதகு வழியாய் வெளியேறும். இதில் கடவுளுக்கு எங்கே வேலை?

மேலும், எத்தனையோ காலமாய் ஓடிய காவேரித் தாய்க்கு உரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட மேட்டு நிலம் ஏன் கண்ணில் படவில்லை? இத்திட்டத்தில் கல்லணைக் கால்வாயை மனிதன் வெட்டிய பிறகல்லவா அவள் அங்கே போனாள்!

நீர் வெகுவாய் வற்றினால் பண்ணவாடியில் ஒரு நந்தியும் ஒரு மாதாகோயில் கோபுரமும் தலைகாட்டுகின்றன. உடனே பக்தர்கள் அதிசயம் என்கிறார்கள். இரண்டு மதத்துக் கடவுள்களும் தங்கள் வீட்டையே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் முழுகினார்கள் என்பதல்லாமல் இதில் அதிசயம் என்ன? நாம் நினைக்க வேண்டியது அங்கே குடியிருந்த மனிதர்களை. கடவுளுக்கு வேறு கோயில் கிடைக்கும். உழுத நிலத்தை இழந்தவனுக்கு அந்த நிலம் திரும்புமா?

தோழர்களே! நீர்த்தேக்கத்துக்குக் கவர்னர் ஸ்டான்லியின் பேர்; மதகுக்கு இஞ்சினீயர் எல்லிஸின் பேர். திட்டம் போட்டவனுக்குப் பேர் கிடைப்பது நியாயமே. மிச்சமுள்ள புகழை முனியப்பன் எடுத்துக்கொண்டார். ஒன்பது வருஷம் கல்லும் மண்ணும் சுமந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் மிஞ்சியது என்ன? கூலி வாங்கிப் போனவர்கள்தானே என்று சொல்லித் தள்ளிவிடுவதா? உழைப்பவனை மறக்கச் செய்து, உழைக்காத சாமிக்குப் பெருமை சேர்ப்பதுதான் இந்நாட்டு மதத்தின் வேலையாயிருந்து வருகிறது.

ஆகவே, கல் சுமந்தவர்களுக்கும் நிலமிழந்தவர்களுக்கும் அணையருகே ஒரு நினைவுக்கல்லாவது நாட்டப்பட வேண்டும். அணை பார்க்கப் போகும் தோழர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விபூதி வாங்கிப் பூசுவதற்குப் பதிலாய், நீர்மட்டம் எத்தனை அடி, அதை எப்படி அளக்கிறார்கள் என்று காட்டி விளக்குவார்களானால், அடுத்த அணையைக் கட்டத்தக்க அறிவு அங்கிருந்தே வளரும் என்று தெரிவித்துக்கொள்ளுகிறோம்.