சீட்டுல குராசவோ விழுந்தா என்ன?

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் வருதுன்னா எங்க தோட்டங்கள்ல மூணு ஏற்பாடு தானா நடந்துடும். யார் வீட்டு டீவி பெருசுன்னு பார்ப்பாங்க. யார் என்ன வாங்கி வர்றதுன்னு பேசுவாங்க. எந்த டீம் மேல எவ்வளவு கட்டுறதுன்னு முடிவு பண்ணுவாங்க. நாலாவதா ஒண்ணையும் சேர்த்துக்கணும்னு நாங்க சொல்றோம்: விளையாட்டு. டீவிக்குள்ள நடக்குறது இல்ல, டீவிக்கு முன்னால உக்காந்திருக்கிறவங்க ஆடுற விளையாட்டு.

"மெட்ச் பார்க்க வந்த இடத்துல என்ன சின்னப் பிள்ளை ஆட்டம்?"னு கேட்பீங்க. கேட்கிறதுக்கு முன்னால அந்த அறையை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. மடுல்சீமைப் பக்கம் ஒரு லயத்துல மெட்ச் ஓடுற காம்பராவுல இருபது பேர் இருந்தா, பெரும்பாலும் இருபதும் பையன்கள். அக்கா தங்கச்சிங்க பிளேன்டீ கொண்டு வந்து வச்சிட்டுப் போவாங்க. அம்மாமார் வாசல்ல நின்னு "இன்னும் முடியலையா?"ன்னு கேட்பாங்க. தாத்தா மூலையில தூங்குவார். பொம்பளைங்க வரக்கூடாதுன்னு யாரும் போர்ட் மாட்டி வைக்கல. ஆனா அவங்க வந்து உக்கார்றதுக்கு ஒரு காரணத்தையும் நாம உண்டாக்கல.

அந்தக் காரணத்தை உண்டாக்குறதுதான் விளையாட்டோட வேலை. உதைபந்தாட்டம் தெரிஞ்சவங்க மட்டும் பேசக்கூடிய அறையை, தெரியாதவங்களும் ஜெயிக்கக்கூடிய அறையா அது மாத்தும்.

2022 டிசம்பர் 18, ஆர்ஜென்டினாவும் பிரான்ஸும் ஆடின இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கா? எங்க நேரத்துக்கு ராத்திரி 8.30க்குத் தொடங்கிச்சு. ஞாயிற்றுக்கிழமை வேற. எம்பாப்பே மூணு கோல் போட்டு, 3-3ன்னு நின்னு, பெனால்டியில 4-2ன்னு ஆர்ஜென்டினா கிண்ணத்தைத் தூக்குச்சு. எல்லாரும் முழிச்சிருக்கிற நேரம்ங்கிறதால குடும்பமா பார்க்க வாய்ப்பு இருந்திச்சு. 2026ல அது சுலபம் இல்ல. அமெரிக்கா, கனடா, மெக்சிகோவுல நடக்குறதால முதல் மெட்ச்சே எங்களுக்கு ஜூன் 12 நடுராத்திரி 12.30. இறுதிப் போட்டி ஜூலை 20, திங்கட்கிழமை நடுராத்திரி 12.30. விடிஞ்சா பெரட்டு. கொழுந்துக்குப் போற ஒரு அம்மா அந்த நேரத்துல எழும்பி உக்காருவாங்களா? மாட்டாங்க. அப்போ எந்த மெட்ச்சை எல்லாரும் சேர்ந்து பார்க்கிறதுன்னு நாமதான் தெரிவு செய்யணும்.

எங்க யோசனை இதுதான். நடுராத்திரி மெட்ச்சை முழிக்க முடிஞ்சவங்க பார்த்துக்கட்டும். சனிக்கிழமை ராத்திரி கொஞ்சம் முந்தித் தொடங்குற ஒரு மெட்ச்சையோ, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மறு ஒளிபரப்பையோ லயத்துக்கே பொதுவா வைங்க. ஸ்கோர் முன்னாலேயே தெரிஞ்சா சுவை போயிடும்னு சொல்வாங்க. ஸ்கோரை மட்டும் நம்பி உக்காந்தாத்தான் அது போகும். விளையாட்டும் சேர்ந்து நடந்தா போகாது.

இனி என்னென்ன விளையாட்டு வைக்கலாம்னு பார்ப்போம்.

முதலாவது, நாட்டுச் சீட்டு. இந்த முறை 48 டீம். உங்க லயத்துல 12 காம்பரா இருந்தா ஒரு வீட்டுக்குச் சரியா நாலு நாடு. பேரை எழுதி, மடிச்சு, சட்டியில போட்டு, வீட்டுல ஆகச் சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்க. அந்த நாடு கோல் போட்டா அந்த வீட்டுக்கு ஒரு புள்ளி. சுவத்துல ஒரு தாளை ஒட்டிக் கணக்கு எழுதினாப் போதும்.

இதுல நியாயம் ஒண்ணு இருக்கு. இலங்கை ஒரு தடவையும் உலகக் கிண்ணத்துல ஆடினதில்ல. மெஸ்ஸிக்காக ஒரு கூட்டம், ரொனால்டோவுக்காக ஒரு கூட்டம்னு சண்டை போட்டாலும் ரெண்டுமே நம்ம டீம் இல்ல. எல்லாம் இரவல் டீம்தான். இரவல் வாங்குறதுன்னு ஆன பிறகு குலுக்கி வாங்கினா என்ன?

ஒரு பிள்ளைக்குக் குராசவோ விழுந்தா முகம் சுருங்கும். அப்போ அந்தப் பிள்ளைகிட்ட இதைச் சொல்லுங்க: குராசவோ கரீபியன் கடல்ல இருக்கிற ஒரு தீவு. சனத்தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். 2012 கணக்கெடுப்புப்படி எங்க பதுளை மாவட்டத்துல மட்டும் 8 லட்சத்துக்கு மேல. உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற நாடுகள்லயே ஆகக் குறைஞ்ச சனத்தொகை உள்ள நாடு அதுதான். ஜெர்மனி இருக்கிற அதே குழுவுல ஆடுது. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஜெர்மனி பக்கம் கை தட்டுமா?

ரெண்டாவது, நாடு தெரியுமா? மெட்ச் தொடங்க முன்னால பத்து நிமிஷம் கேள்வி பதில். இதுல பையன்கள் தோத்துப் போவாங்கன்னு இப்பவே சொல்லி வைக்கிறோம். சவூதியும் ஜோர்தானும் கட்டாரும் இந்த முறை ஆடுது. இந்த நாடுகள்ல வீட்டு வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போய் வந்த அத்தைமார், அக்காமார் எத்தனை பேர் எங்க தோட்டங்கள்ல இருக்காங்க! அந்த நாட்டுக் காசு எது, ரொட்டிக்கு அங்க என்ன பேரு, வெயில் எப்படின்னு கேட்டா அவங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? 2022ல சவூதி 2-1ன்னு ஆர்ஜென்டினாவைத் தோற்கடிச்சப்போ கோல் அடிச்சது யாருன்னு பையன்களுக்குத் தெரியும். அந்த ஊர் வீதி எப்படி இருக்கும்னு தெரிஞ்ச அத்தை குசினிக்குள்ள இருந்தாங்க. அவங்களைக் கூப்பிட்டு முன்னால உக்கார வைக்க இந்த ஒரு கேள்வி போதும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கேள்வி வைங்க. முதல் தடவையா ஆட வர்ற கேப் வேர்ட் 1975 வரைக்கும் போர்த்துக்கீசர் கையில இருந்த நாடு. குராசவோ இன்னைக்கும் நெதர்லாந்து ராச்சியத்துக்குள்ள இருக்கு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர்னு வரலாற்றுப் புத்தகத்துல நாம மனப்பாடம் பண்ணின அதே ஆட்கள்தான். பரீட்சைக்கு மட்டும் உதவின பாடம் இங்க புள்ளி வாங்கித் தரும்.

மூணாவது, கட்ட அட்டை. கொப்பித் தாள்ல ஒன்பது கட்டம் கீறி, நடக்கக்கூடியதை எழுதுங்க: மஞ்சள் கார்ட், பந்து கம்பத்துல படுறது, கோல் காப்பாளர் நேரம் கடத்துறது, பயிற்சியாளர் கத்துறது, கூட்டத்துல ஒருத்தர் அழுறது, எங்க அறையில ஒருத்தர் குறட்டை விடுறது. நடக்க நடக்க வெட்டிக்கிட்டே வரணும். ஓஃப்சைட் தெரியாதவங்களும் இதுக்காகக் கண் எடுக்காம மெட்ச் பார்ப்பாங்க. ரெண்டு மெட்ச் முடியுறதுக்குள்ள ஓஃப்சைடும் தெரிஞ்சுடும்.

நாலாவது, இடைவேளை ஆட்டம். பாதி நேரத்துல 15 நிமிஷம் கிடைக்கும். இந்த முறை ஒவ்வொரு பாதியிலும் நடுவுல 3 நிமிஷத் தண்ணி இடைவேளையும் இருக்கு. இதுக்கு யூடியூப்ல தேட வேண்டியதில்ல. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுல நடக்குறதையே எடுங்க. யானைக்குக் கண் வைக்கிறதை மாத்தி, கண்ணைக் கட்டிக்கிட்டு கோல் கம்பத்துக்குள்ள பந்து வைக்கச் சொல்லுங்க. பழைய மேசோடுக்குள்ள துணியை அடைச்சுப் பந்தாக்கி, இஸ்தோப்புல பெனால்டி வைங்க. பாட்டிமாருக்கு ரெண்டு எட்டு முன்னால வரச் சலுகை. இன்னொண்ணு: அஞ்சு நிமிஷம் டீவி சத்தத்தை நிப்பாட்டிட்டு ஒருத்தரை நேர்முக வர்ணனை பண்ண விடுங்க. கொழுந்து மலைப் பேச்சுல ஒரு அக்கா வர்ணனை சொன்னா, டீவி வர்ணனையாளர் கிட்ட நெருங்க முடியாது.

இப்போ பரிசு. இங்கதான் நாங்க கொஞ்சம் பிடிவாதமா நிக்கிறோம். காசு வேணாம்.

"காசு இல்லாட்டி சூடு இல்ல"ன்னு சொல்ற அண்ணன்மார் இருக்காங்க. 2024 செப்டெம்பர்ல தோட்டத் தொழிலாளியோட குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,350 ரூபான்னு வர்த்தமானி வந்திச்சு. அதுக்கு எத்தனை வருஷம் போராட்டம்! ஒரு மெட்ச்சுக்கு ஆயிரம் ரூபா கட்டுற பையன் தன் காசைக் கட்டுறதா நினைக்கிறான். அம்மாவோட ஒரு நாள் மலையில பாதிக்கு மேல கட்டுறான். அது லயத்துக்குள்ள நிக்கிறதும் இல்ல. நூறு ரூபாயில தொடங்குறது புக்கிக்கும் போன் ஆப்புக்கும் போகுது. அதோட, காசு வந்த அறையில தோத்தவன் சிரிக்க மாட்டான். சிரிக்காத அறைக்கு எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாங்க?

அதனால பரிசா ஒரு கிலோ சீனி, ரெண்டு கொப்பி, ஒரு பக்கெட் பிஸ்கட் போதும். தண்டனை அதைவிட நல்லது: தோத்த நாட்டுச் சீட்டை வச்சிருக்கிற வீட்டு ஆம்பளைங்கதான் எல்லாருக்கும் பிளேன்டீ ஊத்தணும், கோப்பையும் கழுவணும். பரிசு கேட்டு எந்தக் கட்சிக்காரர் வாசலுக்கும் போகாதீங்க. பரிசோட பேச்சும் பெனரும் சேர்ந்து வரும், பாதி நேரம் அதுலயே முடிஞ்சுடும்.

விளையாட்டு வச்சா மட்டும் எல்லாம் சரியாயிடும்னு நாங்க சொல்ல வரல. போத்தல் அறைக்குள்ள வந்தா அக்காமார் எழும்பிப் போயிடுவாங்க, எந்த ஆட்டமும் அதைத் தடுக்காது. அதை வாய் திறந்து முன்னாலயே சொல்லணும். முடியுற நேரத்தைச் சொல்லணும். கீழ் லயத்துக்கு டோர்ச்சோட கூட்டிப் போய் விட ஆள் இருக்கணும். பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பின்வரிசை, குசினி வேலைன்னு ஒதுக்கக்கூடாது. இது நாலும் இல்லாம கட்ட அட்டை மட்டும் அடிச்சுக் கொடுத்தா அது வெறும் தாள்.

தீவிர ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்து ஓடுறப்போ யாரும் உங்க முன்னால மேசோட்டுப் பந்து எறிய மாட்டாங்க. ஆட்டமெல்லாம் தொடங்க முன்னாலயும் இடைவேளையிலயும்தான். மெட்ச் ஓடுறப்போ நடக்குறது கட்ட அட்டையும் அந்த அஞ்சு நிமிஷ வர்ணனையும் மட்டும். அதுவும் மெட்ச்சைப் பார்க்கச் சொல்ற விளையாட்டு.

2022ல கேரளாவுல, கொச்சிப் பக்கம், 17 பேர் சேர்ந்து 23 லட்சம் இந்திய ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கினாங்க, உலகக் கிண்ணத்தைச் சேர்ந்து பார்க்க. எங்களுக்கு அந்த வசதி இல்ல, தேவையும் இல்ல. வாசிகசாலை இருக்கு, கோயில் மண்டபம் இருக்கு, பிள்ளை மடுவம் இருக்கு. 2025 நவம்பர்ல டித்வா புயல் அடிச்சு மண் சரிஞ்சப்போ பதுளை மாவட்டத்துல எத்தனையோ குடும்பங்கள் இப்படியான இடங்கள்லதான் ஒண்ணா தங்கினாங்க. பயத்துல ஒண்ணா இருந்த சனம், சிரிக்கவும் ஒரு பின்னேரம் ஒண்ணா இருக்கட்டும்.

48 துண்டுக்கு ரெண்டு கொப்பித் தாள் போதும். இன்னைக்கே கிழிச்சு எழுதத் தொடங்குங்க. சீட்டு எடுக்குற நாள்ல முதல்ல பெரிய டீவி வீட்டுக் கதவைத் தட்டாதீங்க. இதுவரைக்கும் மெட்ச் பார்க்க வராத வீட்டுக் கதவைத் தட்டுங்க.