பார்க்காதே என்று பெயர்

2017 பிப்ரவரி 10. அங்காரா பல்கலைக்கழகத்தின் ஜெபெஜி வளாகத்தில் கருப்பு அங்கிகள் தரையில் விரித்துக் கிடக்கின்றன. அவற்றை மிதித்துக்கொண்டு போலீஸ் பூட்ஸுகள் நடக்கின்றன. பட்டமளிப்பு நாளில் போட்டுக்கொள்ளும் அங்கிகள்தாம். மூன்று நாள் முன்பு வந்த அவசரநிலை ஆணை ஒன்று நாடு முழுவதும் 330 பல்கலைக்கழக ஆசிரியர்களை வேலையிலிருந்து தூக்கியிருந்தது. தங்கள் அங்கிகளைக் கழற்றிக் கீழே வைத்தவர்கள் அவர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும். அரசியலும் ஊடகமும் கற்றுத்தரும் புலங்கள் அந்த வளாகத்தில்தான் இருக்கின்றன.

துருக்கி, குர்து ஊடகங்களைப் பற்றிய படிப்பை நாம் இந்தப் படத்திலிருந்து தொடங்குவோம். வழக்கமாகத் தொடங்கும் இடம் வேறு. 2013இல் இஸ்தான்புல்லின் கெஸி பூங்காவைக் காக்கத் திரண்டவர்கள்மீது கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்த இரவில் சிஎன்என் துர்க் தொலைக்காட்சி பென்குவின் ஆவணப்படம் ஓட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் சொன்னால் சிரிப்பு நிச்சயம். அந்தச் சிரிப்போடு நமக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. மௌனம் ஏதோ அன்றிரவுதான் பிறந்தது போல ஆகிவிடுகிறது.

அந்த மௌனம் அதற்கு முன்பே இருந்தது. 2011 டிசம்பர் 28 இரவு, இராக் எல்லையில் டீசலும் சிகரெட்டும் கடத்திவந்த குர்து கிராமத்தார்மீது துருக்கி விமானங்கள் குண்டு வீசின. 34 பேர் செத்தார்கள்; பெரும்பாலும் இளவட்டங்கள், சிறுவர்களும் உண்டு. உடல்களைக் கம்பளியில் சுற்றிக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றி ஊர்க்காரர்களே கொண்டுவந்தார்கள். பெரிய தொலைக்காட்சிகளோ, மறுநாள் ராணுவம் வாய்திறக்கும்வரை வாய்திறக்கவில்லை. ஊர்ப்பெயர் ரோபொஸ்கி. அரசு ஏட்டில் அது ஒர்தாசு. கெஸி பூங்காவை ஒட்டிய தக்சிம் சதுக்கத்தில் நின்ற பலருக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் உறைத்தது: நம் கண்ணெதிரே நடப்பதையே காட்டாதவர்கள், இத்தனை காலம் குர்து நகரமான தியார்பக்கிரில் எதையெல்லாம் காட்டாமல் விட்டிருப்பார்கள்!

பெயர் என்றதும் ஒன்று. குர்துகளின் வசந்தப் பண்டிகை நெவ்ரோஸ். துருக்கியர் எழுதுவது நெவ்ரூஸ். குர்து எழுத்தில் நடுவே ‘டபிள்யூ’ வரும். 1928இல் வகுத்த துருக்கி எழுத்துவரிசையில் அந்த எழுத்து கிடையாது என்பதால், அழைப்பிதழில் அதை அச்சிட்டவர்கள் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். தமிழில் எழுதினால் இந்த வழக்கே காணாமல்போகிறது; இரண்டுக்கும் நாம் வகரம்தான் போடுகிறோம்.

2017 மார்ச் 21. தியார்பக்கிர் நெவ்ரோஸ் மைதான வாசலில் கெமால் குர்குத் என்ற மாணவர் போலீஸ் சுட்டுச் செத்தார். தற்கொலைக் குண்டுதாரி என்று சந்தேகித்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். அப்துர்ரஹ்மான் கொக் என்ற பத்திரிகையாளர் எடுத்த படங்களில் அந்தப் பையன் மேல்சட்டை இல்லாமல் ஓடுகிறான். வெடிகுண்டை எங்கே ஒளித்துவைக்க? அந்தப் படங்கள் இல்லையென்றால் வழக்கே இல்லை. சுட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட போலீஸ்காரர் 2020இல் கீழ்நீதிமன்றத்தில் விடுதலையானார். படம் எடுத்தவருக்கு 2022இல் பயங்கரவாதப் பிரச்சாரம் செய்ததாகத் தண்டனை.

இதற்கிடையே, 2021 ஏப்ரலில், போராட்டங்களில் போலீஸைப் படம் பிடிக்க விடாதீர்கள் என்று காவல் தலைமையகமே சுற்றறிக்கை விட்டது. அதை உயர் நிர்வாக நீதிமன்றம் பிறகு நிறுத்திவைத்தது. கேமராவுக்கு இருக்கும் மதிப்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது.

பேராசிரியர்கள் சொன்னதற்கும் விலை இருந்தது. குர்து நகரங்களின் ஊரடங்கை எதிர்த்து 2016 ஜனவரியில் 1,128 கல்வியாளர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அங்கிகள் தரைக்கு வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஜெபெஜியில் ஓர் ஆசிரியர், குர்து ஆயுத இயக்கமான பிகேகேயின் நிறுவனர் ஓஜலானின் இரு வேறு காலத்து எழுத்துகளை ஒப்பிடச் சொல்லித் தேர்வில் கேள்வி கேட்டார். வினாத்தாள் குற்றப்பத்திரிகை ஆயிற்று. விடுதலையானார் என்றாலும், அடுத்த வினாத்தாள் எழுத உட்காரும் யாருக்கும் கை ஒரு நொடி நிற்காதா? வெளியேற்றப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. அங்காராவிலும் கோஜாஎலியிலும் ஒற்றுமைக் கழகங்கள் அமைத்துப் பாடம் நடத்தினார்கள். பெர்லினிலிருந்து ஓஃப் யுனிவர்சிட்டி இணையவழி வகுப்புகள் எடுக்கிறது.

அவர்களின் பாடநூல் எது? நம் பார்வையில், கெஸிக்குப் பின் உருவான பக்.மா என்ற காணொளிப் பெட்டகம். நடுப்புள்ளியை எடுத்துவிட்டால் துருக்கி மொழியில் ‘பார்க்காதே’ என்று பொருள். குறும்புதான். அது ஓடும் மென்பொருள் நம்மூர்ப் பக்கத்திலும் பழகியது: மும்பையிலிருந்து 2008இல் தொடங்கிய பத்.மா காணொளிக் காப்பகத்தின் வழியில் வந்தது. 2009-10 குளிர்காலத்தில் டெகெல் புகையிலை நிறுவனத் தொழிலாளர்கள் அங்காரா நடுவே 78 நாள் நடத்திய போராட்டத்தின் காட்சிகளும் பக்.மாவில் உண்டு. வெட்டி ஒட்டி மெருகேற்றிய படங்களைவிட, கை நடுங்க எடுத்த துண்டுகளையே அது மதிக்கிறது. காணொளி ஓட ஓட, இந்த நொடியில் எந்தத் தெரு, என்ன முழக்கம் என்று பக்கவாட்டில் குறிப்பு எழுதலாம். வீடியோ செயல்பாட்டைப் பயிற்றுவிப்பவர்கள் படம் எடுப்பதைவிட இந்தக் குறிப்பெழுதுதலைத்தான் அதிகம் கற்பிக்க வேண்டும். இன்று எடுப்பது யாருக்கும் வரும்.

ஆனால் குறிப்பெழுதும் மாணவர் ஒரு முகத்தில் வந்து நிற்பார். பெயர் தெரியும். எழுதினால் அது வரலாறு. அதே வரியை அரசு வழக்கறிஞரும் படிப்பார்.