இருபத்தொரு நாள் கணக்கு

காலையில் செல்போனைத் திறந்தால் ரோஜாப்பூ படத்துக்குக் கீழே ஒரு உபதேசம் காத்திருக்கிறது. எந்த நல்ல பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால், 22-வது நாள் அது நம்மை விடாதாம். எங்கள் ஓய்வூதியர் குழுவில் இந்த மாதம் மட்டும் நாலு பேர் இதை அனுப்பிவிட்டார்கள். நாலு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவரைக்கூடக் காலை நடையில் நான் பார்த்ததில்லை.

இந்த 21 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். 1960-ல் ஒரு புத்தகம் எழுதினார். முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக ஏறக்குறைய 21 நாளாகிறது, மனதில் ஒரு மாற்றம் தெரியவே குறைந்தது அத்தனை நாள் வேண்டும் என்று, தான் பார்த்ததை வைத்துச் சொன்னார். அவ்வளவுதான். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மூக்குக்குச் சொன்ன கணக்கு வாக்கிங்குக்கும் யோகாவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். கார்த்திகை முதல் தேதி நம் தெருவைப் பாருங்கள். வருஷம் முழுக்க பெட்டிக்கடையில் நின்று ஊதித் தள்ளுகிறவர், சாயங்காலமானால் வேறு கடையில் நிற்கிறவர், மாலை போட்ட அன்றே இரண்டையும் விட்டுவிடுகிறார். விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல், பாய்ப் படுக்கை, கோபமில்லாத பேச்சு. 41 நாள், சிலர் 48 நாள். இருபத்தொன்றைப் போல இரண்டு மடங்கு! அந்தக் கணக்கு உண்மையென்றால், ஒரு தடவை மலைக்குப் போய் வந்தவர் யாரும் ஆயுசுக்கும் சிகரெட்டைத் தொடக்கூடாது. நடப்பது என்ன? பாதிப் பேர் மாலையைக் கழற்றிய மறுநாளே பெட்டிக்கடைக்கு வந்துவிடுகிறார்கள். பாவனையாக விரதம் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. 41 நாளும் உண்மையாகத்தான் இருந்தார்கள்.

அப்படியானால் அந்த 41 நாளும் அவரைப் பிடித்து வைத்திருந்தது எது? கழுத்தில் மாலை. பெட்டிக்கடைக்காரர் முதல் பெற்ற தாய் வரை "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் கறி சமைப்பதில்லை. ராத்திரி பஜனைக்கு வரவில்லையென்றால் குருசாமி ஆள் அனுப்புகிறார். ஊரே சேர்ந்து ஒரு மனுஷனைத் தாங்குகிறது. மாலையோடு இத்தனையும் கழன்றுவிடுகிறது. மார்கழியும் இதே கதைதான். மாதம் முழுக்க நாலரை மணிக்கு எழுந்து கோலம் போட்டவர்கள் தை பிறந்ததும் ஆறரைக்குத்தான் எழுகிறார்கள்.

பழக்கம் நம் மனதுக்குள்ளே மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை, வெளியேயும் இருக்கிறது. இதைச் சொன்னால் நம் வயதுக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. "அதெல்லாம் இல்லீங்க, எல்லாம் மன உறுதிதான். நாங்கெல்லாம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சவங்க. இப்பத்த பசங்களுக்கு ஒழுக்கமே இல்லீங்க."

அஞ்சு மணிக்கு எழுந்தோம், சரி. ஏன் எழுந்தோம்? கோயமுத்தூரில் மில் சங்கு ஊதும். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்காவிட்டால் அன்றைக்குக் குளியல் கிடையாது. ஏழு மணி பஸ்ஸை விட்டால் ஆபீஸில் சிவப்பு மையில் கோடு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விழித்திருந்து பார்க்க வீட்டில் என்ன இருந்தது? இத்தனை பேர் சேர்ந்து எழுப்பிவிட்டதை நம் ஒழுக்கம் என்று கணக்கு எழுதிக்கொண்டோம். அந்த மில்களில் பல மூடிக்கிடக்கின்றன. ரிட்டயர் ஆன ஆறாம் மாதத்தில் எட்டு மணி வரை தூங்கியவர்கள் எத்தனை பேர் என்று நம் குழுவிலேயே கை தூக்கச் சொல்லலாம். ராத்திரி ஒரு மணி வரை அமெரிக்காக்காரனோடு வேலை பேசிவிட்டுப் படுக்கிற பேத்தியை, அஞ்சு மணிக்கு எழவில்லை என்று திட்டுகிறோம். அவளுக்கு எந்தச் சங்கு ஊதுகிறது?

லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். 96 பேர், ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம், பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, ஓடுவது என்று. 2009-ல் முடிவு வெளியானது. யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை கணக்கு வந்தது. நம் வயதுக்கு அதில் முக்கியமான செய்தி வேறு: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. 'விடாமல் 21 நாள்' என்று பயமுறுத்துகிறவர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள். மூன்று நாள் காய்ச்சலில் படுத்த மனுஷன், "எல்லாம் போச்சு, இனி முதலிலிருந்து ஆரம்பிக்கணும்" என்று நடையையே விட்டுவிடுகிறார்.

இது வெறும் வாட்ஸ்அப் சண்டை என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர், ஆபீஸில் ஒரு நாள் தாமதமாகப் போகாதவர். இருபது வருஷமாகப் பிரஷர் மாத்திரை தவறாமல் சாப்பிட்டவர் என்று எல்லோரும் அவரை உதாரணம் காட்டுவோம். மனைவி தவறிப்போன எட்டாம் மாதம் பாத்ரூமில் விழுந்தார். பக்கவாதம். டாக்டர் விசாரித்தபோதுதான் தெரிந்தது, பாதி நாள் மாத்திரை போடவே இல்லை. இருபது வருஷமும் காலைக் காபி டம்ளர் பக்கத்தில் மாத்திரையை எடுத்து வைத்தது அந்த அம்மா. இவர் செய்ததெல்லாம் விழுங்கியது. நம்மில் எத்தனை ஆண்களின் ஒழுங்கு இப்படிச் சமையலறையிலிருந்து நடத்தப்பட்டது! அந்த அம்மாவின் பழக்கத்தை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

அதனால், தீர்மானம் எடுக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள். மாத்திரை டப்பாவைப் பீரோவிலிருந்து எடுத்துக் காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். வாரத்துக்குச் சேர்த்துக் காய் வாங்கி ஃபிரிட்ஜில் அடைக்காமல், தினம் அன்றைக்கு வேண்டியதை மட்டும் நடந்துபோய் வாங்குங்கள். நான் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு அப்படித்தான் போகிறேன். கத்திரிக்காய் இல்லாமல் வீடு திரும்ப முடியாது என்பதால் நடை தானாக நடக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட ஒரு கூட்டாளி கிடைத்தால் இன்னும் நல்லது. ரேஸ்கோர்ஸ் பாதையில் வருஷக்கணக்காக நடக்கிறவர்களைக் கவனியுங்கள், பெரும்பாலும் கூட்டமாகத்தான் வருகிறார்கள்.

பிள்ளைகள் வாங்கி அனுப்பும் வாட்ச் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாயிரம் அடி நடக்கவில்லை என்று அது தினம் நம்மைத் திட்டுகிறது. அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பேரிலிருந்து வந்தது. டாக்டர் சொன்ன கணக்கு இல்லை. அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களைக் கவனித்து 2019-ல் வந்த ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நாலாயிரத்தைச் சந்தைக்குப் போய் வந்தே முடித்துவிடலாம்.

வாட்சுக்குப் பதிலாகப் பிள்ளைகள் தர வேண்டியது ஒரு நிமிஷம். அந்தப் பெரியவருக்கு இப்போது பெங்களூரிலிருந்து மகள் தினம் எட்டு மணிக்குப் போன் செய்கிறாள். "போட்டாச்சாப்பா?" என்று ஒரே கேள்வி. இவர் ஏழே முக்காலுக்கே மாத்திரையும் டம்ளரில் தண்ணீருமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிள்ளை தூங்கட்டும் என்று ஒன்பது மணிக்கு இவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்.