நீர்மட்டத்துக்கு மேலே

கங்கைச் செயல் திட்டம் 1986இல் தொடங்கியது. அப்போது முதல் கட்டப்பட்ட சுத்திகரிப்புத் தொட்டிகளுக்கு இன்று நடுத்தர வயது. ஆற்றின் உடல்நலத்தை ஊரே விசாரிக்கிறது. தொட்டிகளைக் கேட்பாரில்லை.

கான்கிரீட்டுக்கு என்ன வந்துவிடும்? மூடிய கழிவுநீர்த் தொட்டி ஒன்றைக் காலி செய்து பார்த்தால் தெரியும். நீரில் மூழ்கிக்கிடந்த சுவர் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். நீர்மட்டத்துக்கு மேலே சுவரும் கூரையும் ஈர மாவாக உதிரும். சில இடங்களில் கம்பியே எட்டிப் பார்க்கும்.

இதன் காரணகர்த்தாவைப் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சி.டி. பார்க்கர். ஆண்டு 1945. காற்றில்லாத சாக்கடையில் ஒரு வகை பாக்டீரியா, சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். வாயு மேலெழுந்து ஈரக் கூரையில் படிய, அங்கே இருக்கும் இன்னொரு வகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்குகிறது. சிமெண்ட் ஜிப்சமாகி உதிர்கிறது. "சல்ஃபேட்டைத் தாங்கும் சிமெண்ட் போட்டிருக்கிறோமே" என்று சமாதானம் சொல்லும் பொறியாளர்கள் உண்டு. அது அமிலத்தைத் தாங்காது.

கான்பூரின் ஜாஜ்மௌவை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சு உதவியுடன் 1994இல் அங்கே வந்த நிலையம் நாளொன்றுக்கு 3.6 கோடி லிட்டருக்கானது; அதில் 90 லட்சம் லிட்டர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு. சல்ஃபேட் ஏராளம். மின்சாரம் மிச்சமாகும் என்று தேர்ந்தெடுத்த காற்றில்லா முறை, இந்த வாயுவுக்கும் தோதான முறை.

மருந்து இருக்கிறது. எபாக்ஸி, பாலியூரியா பூச்சுகள்; அல்லது அலுமினா அதிகமுள்ள சிமெண்ட் காரை. ஆனால் பூசுவதைவிடப் பூசுவதற்கு முந்தைய வேலைதான் பெரிது. கெட்ட பகுதி முழுவதையும் உயரழுத்த நீரால் பெயர்த்து, கம்பியின் துருவை நீக்கி, பள்ளத்தைக் காரையால் நிரப்ப வேண்டும். அப்புறம்தான் பூச்சு. ஊசிமுனைத் துளை இருக்கிறதா என்று மின்பொறிக் கருவியால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு துளை போதும், பூச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அமிலம் வேலையைத் தொடரும். குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் கை வைப்பதோ இந்த முன்வேலையில்தான். வெள்ளையடித்ததுபோலப் பளபளக்கும், சில வருடங்களில் தோலாக உரியும்.

இன்னொரு தர்மசங்கடம்: தொட்டியை நிறுத்தினால் சாக்கடை எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்குப்படி 2020-21இல் நாட்டின் நகரங்களில் தினமும் சுமார் 7,237 கோடி லிட்டர் கழிவுநீர் உருவானது; நிறுவப்பட்ட நிலையங்களின் திறன் சுமார் 3,184 கோடி லிட்டர். மாற்றுத் தொட்டி கட்டாமல் ஒன்றை மூடும் வசதி நமக்கு இல்லை.

பூசுவதற்கு உள்ளே இறங்குபவரையும் நினைக்க வேண்டும். கான்கிரீட்டைத் தின்பதற்குக் காரணமான அதே வாயு ஆளையும் கொல்லும். அளவு கூடினால் நாற்றமே தெரியாமல் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். காற்றூதி, வாயு மானி, மேலே கயிறு பிடித்து நிற்க ஒரு ஆள் - டெண்டரில் இவற்றுக்கென்று தனித்தொகை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் 'இதர செலவு' என்ற வரியைக் காட்டுவார்கள்.