கேஜ் கணக்கு யாருக்கு லாபம்?

இந்தியாவில் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது 1956-ம் ஆண்டில். சேர், மணங்கு எல்லாம் கடையை விட்டுப் போயின. ஆனால் இரும்புத் தகடு விற்கும் கடையில் மட்டும் "கேஜ்" இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

மும்பைப் பட்டறைகளில் பீரோவும் பெட்டியும் தொட்டியும் செய்யும் தமிழ்த் தொழிலாளர்கள் கேஜ் கணக்கிலேயே தொழில் கற்றவர்கள். எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அது எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால்தான் திணறல்.

குற்றம் அவர்களுடையது அல்ல. கேஜ் என்பதே ஒன்றல்ல. இங்கிலாந்தில் 1884-ல் சட்டபூர்வமான கணக்கில் 16 கேஜ் என்றால் 1.63 மி.மீ. அமெரிக்க உருக்குத் தகட்டுக் கணக்கில் அதே 16 கேஜ் 1.52 மி.மீ. அமெரிக்க அலுமினியக் கணக்கில் 1.29 மி.மீ. தான். எண் ஒன்று; கனம் மூன்று!

இதனால் யாருக்கு நஷ்டம்? ஒரு சதுர மீட்டர் உருக்குத் தகடு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ எடை இருக்கும். எட்டடிக்கு நாலடித் தகடு 1.63 மி.மீ. என்றால் சுமார் 38 கிலோ. 1.52 மி.மீ. என்றால் முப்பத்தைந்தரை கிலோ. தகட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்குபவருக்கு இரண்டரைக் கிலோ போச்சு. கிலோ கணக்கில் வாங்கினாலோ பணம் தப்பும்; பலம் குறையும். நாளை தொட்டி பிதுங்கினால் பழி யார் மீது? தகடு விற்றவர் மீது அல்ல. வெல்டிங் வைத்தவர் மீது. கூலியில் பிடித்தமும் அவருக்கே.

"பழகிய கணக்கை எப்படி விடுவது?" என்பார்கள். பதினாறு அணாவை விட்டு நூறு காசுக்கு 1957-ல் மாறவில்லையா? படிக்காத பாட்டிகூடப் பழகிக்கொண்டாரே!

2009-ம் ஆண்டின் எடையளவுச் சட்டமும் மெட்ரிக் அளவையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே பில்லில் மில்லிமீட்டர் எழுதச் சொல்லிக் கேட்பது சண்டை அல்ல, உரிமை. ஆலைத் தகட்டில் சிறு ஏற்ற இறக்கம் இருக்கலாம். அது வேறு, கனத்தையே மறைப்பது வேறு.

பட்டறைச் சுவரில் இங்கிலாந்துக் கணக்கை எழுதி ஒட்டலாம்: 16 - 1.63, 18 - 1.22; 20 - 0.91, 22 - 0.71; 24 - 0.56 மி.மீ. பக்கத்திலேயே ஒரு மைக்ரோமீட்டரும் இருக்கட்டும். வெட்டிய விளிம்பில் பிசிர் இருக்கும்; சற்று உள்ளே தள்ளி அளக்க வேண்டும்.

அளந்து வாங்குகிறவரை ஏமாற்றுவது கடினம். வேலையைத் தொடங்குமுன் அளந்து காட்டிவிடும் தொழிலாளி மீது பழி போடுவது அதைவிடக் கடினம்.